வெள்ளைக் கோடு

பர்கூர் சாலை, பாலீஷ் ஷெட்டின் பின்புறம்.
ஒன்பதடி நீளம், நாலடி அகலம், எட்டு அங்குல கனம்.
ஜெட் பிளாக்.
ஆர்டரில் அப்படித்தான் இருந்தது,
கீழே கோடு போட்டு:
வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் ஏற்கப்படாது.

அந்தப் புள்ளியைத் தேடுவதுதான் எனக்குச் சம்பளம்.
ஒரு கையில் வெர்னியர், இன்னொன்றில் தண்ணீர் மக்கு.
நனைந்தால்தான் கல் வாயைத் திறக்கும்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்
ஏதோ ஒரு தென்மாநிலத்து ஊர்.
நூற்றறுபது வருடம் முன்பு செத்த தளபதிக்கு
இப்போது புதிதாக ஒரு கல்.

ஸ்டென்சில் வெட்டுகிற திம்மராஜுக்கு
ஆங்கிலம் என்பது வெறும் வளைவு.
எஸ் என்றால் பாம்பு, ஓ என்றால் வளையல்.
"இதுல என்னக்கா எழுதியிருக்குது?"
வாசித்தேன்:
தன் இனத்தின் மானம் காத்தவர்.
"நல்ல மனுசன் போல."
"ஆளுங்கள வாங்கி வேலைக்கு வெச்சிருந்தவன்டா.
அது கூடாதுன்னு சொன்னதுக்குச் சண்டைக்குப் போனவன்."
மணல் பீய்ச்சும் குழாயைக் கீழே வைத்தான்.
"எவ்ளோக்கு?"
"என்ன எவ்ளோக்கு?"
"ஆளு."

கல்லின் விலை என்னிடம் இருந்தது.

அஞ்சல் வழியில் வரலாறு படித்தபோது ஒரு பக்கம்:
துரைமார் சந்தையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி
மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி
நீளத்தால் வகுத்தார்களாம்.
எண் ஏற ஏற மனிதன் இறங்குவான்.
உச்சிப்படியில் யார் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான்
கணக்கையே தொடங்கினார்கள்.
அவர்கள் பிடித்த கருவிக்கு
என் வெர்னியர் பங்காளி முறை.
அன்றிரவு கதவைத் தாழிட்டு
கண்ணாடி முன் நின்று என் மூக்கை அளந்தேன்.
எண்ணைச் சொல்லமாட்டேன்.
சொல்லும்படி இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ
என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

கடைசி வரியின் குறுக்கே
மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு.
இப்படிப்பட்டதை எண்ணெயும் கறுப்பு மையும் குழைத்து
மூடிவிடுவது தொழிலில் புதிதல்ல.
நாலு மழைக்குத் தாங்கும்.
திம்மராஜ் ஒரு பூச்சு குறைவாகப் பூசினான்.
நான் ஒரு தரம் குறைவாகப் பார்த்தேன்.
இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பெங்களூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர்
தின்னரில் நனைத்த பஞ்சால் ஒரே இழுப்பு.
கோடு பளிச்சென்று வந்தது.
ரிஜெக்ட்.
முதலாளி இருவருக்கும் பாதிச் சம்பளத்தைப் பிடித்தார்.
வேறொரு கல் அறுத்தோம்.
தளபதிக்கு அவன் கல் போய்ச் சேர்ந்தது,
ஒரு புள்ளி இல்லாமல், குறித்த தேதிக்குள்.

தள்ளிய கல்லைப் பிரிவு ரோடு டீக்கடைக்காரர்
டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்
எழுத்து கீழே இருக்க இரண்டு கருங்கல் மேல் கிடத்தினார்.
தாராளமாக ஆறு பேர் உட்காரலாம்.
வெயிலில் சுடும், சாயங்காலம் இதமாக இருக்கும்.

நான் போனதும் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.
"உக்காரும்மா."
உட்கார்ந்தேன்.
கொரோனாவுக்கு அப்புறம் இங்கே எல்லாருக்கும் பேப்பர் கப்.
கப்பில் இப்போது எந்த வித்தியாசமும் கிடையாது.

காலனியிலிருந்து சைக்கிளில் வந்தான் திம்மராஜ்.
டீயை வாங்கிக்கொண்டு
புளியமரத்தில் சாய்ந்து நின்றான்.
எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இடம் காலி.
"டேய், இங்க வா. உக்காரு."
அவன் கல்லைப் பார்க்கவில்லை.
கடைக்காரர் முகத்தைப் பார்த்தான்.
கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்,
அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு கவனமாக.

"குடிச்சிட்டேங்க்கா," என்றான்.
அவன் கப் நிறைய இருந்தது.

கல்லின் விளிம்புக்கு அடியில்
என் விரல் தன்போக்கில் தடவிக்கொண்டே போய்
எதன் மேலோ நின்றது.
பாம்பு.
அவன் வெட்டியது.
ஆழமாக, சுத்தமாக வெட்டியிருந்தான்.